எல்லைக் கோடும் வாக்குச் சீட்டும்
செங்கல் முதல் திருவட்டாறு வரை மறைந்துபோன தொகுதிகளின் கதை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்குச் செங்கல், பாறசாலை, களியக்காவிளை எல்லாம் ஒரே ஊரின் தெருக்கள் போலத்தான் தோன்றும். அதே தென்னை, அதே ரப்பர், அதே மாதா கோவில், அதே சாயாக்கடை. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. ஆனால் தேர்தல் கமிஷனின் கணக்கில் இவை வெவ்வேறு உலகங்கள். செங்கல் பஞ்சாயத்து நெய்யாற்றின்கரை சட்டசபைத் தொகுதியைச் சேர்ந்தது. பக்கத்திலுள்ள பாறசாலை தனித் தொகுதி. அதையும் தாண்டிக் களியக்காவிளைக்குள் கால் வைத்தால் மாநிலமே மாறிவிடுகிறது. அது தமிழ்நாட்டின் விளவங்கோடு.

எழுபது ஆண்டுகளுக்கு முன் இந்த ஊர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டசபை இருந்தது. அந்தச் சட்டசபையும் அதன் தொகுதிகளும் இன்று இல்லை. பின்னாளில் எல்லைக்குத் தெற்கே தோன்றிய திருவட்டாறு தொகுதியும் 2008-ல் மறைந்துவிட்டது. ஒரு தொகுதி மறைந்தால் மறைவது வரைபடத்தில் உள்ள பெயர் மட்டும்தானா? அங்குள்ள மக்களின் குரலும் சேர்ந்து மங்குகிறதா? எல்லை தாண்டி வந்து உழைக்கும் தமிழர்களுக்கு இது வெறும் பழங்கதை அல்ல.

முதல் வாக்கு

1948-ம் ஆண்டு பிப்ரவரியில் திருவாங்கூர் சமஸ்தானத்தில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் தேர்தல் நடந்தது. இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு நான்கு ஆண்டுகள் முந்தியது அது. சொத்தும் வரியும் இருந்தால்தான் ஓட்டு என்ற பழைய முறை ஒழிந்து, பனையேறியும் கைத்தறித் தொழிலாளியும் வாக்குச் சாவடிக்குப் போனார்கள்.

காங்கிரஸ் பெருவெற்றி பெற்றது; பட்டம் தாணுப்பிள்ளை பிரதமரானார். ஆனால் தெற்கே வேறொரு காற்று வீசியது. மார்ஷல் ஏ. நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களைப் பிடித்தது. தமிழர் வாழும் தாலுகாக்களைப் பிரித்துச் சென்னை ராஜ்யத்துடன் சேர்க்க வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய ஒன்பது தாலுகாக்கள் கேட்கப்பட்டன. செங்கலும் பாறசாலையும் அந்த ஒன்பதில் ஒன்றான நெய்யாற்றின்கரையில் அடங்கியவை.

சிறு கட்சி, பெரும் எடை

1949-ல் திருவாங்கூரும் கொச்சியும் இணைந்து திரு-கொச்சி ராஜ்யம் உருவாயிற்று. 1952 தேர்தலில் 108 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 44. பெரும்பான்மை இல்லை. தமிழ்நாடு காங்கிரசின் 8 உறுப்பினர்கள் கை கொடுத்ததால் ஏ.ஜே. ஜான் மந்திரிசபை அமைந்தது. அதே தேர்தலில் நேசமணி நாகர்கோவிலிலிருந்து லோக்சபைக்கும் சென்றார். தமிழ்நாடு காங்கிரஸ் ஆதரவை விலக்கிக் கொண்டபோது, 1953 செப்டம்பரில் ஜான் மந்திரிசபை கவிழ்ந்தது.

1954 தேர்தலில் இந்தக் கட்சி 12 இடங்களுக்கு உயர்ந்தது. காங்கிரசுக்கு 45, கம்யூனிஸ்டுகளுக்கு 23. வெறும் 19 உறுப்பினர்களை வைத்திருந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சி காங்கிரஸ் ஆதரவுடன் ஆட்சியில் அமர்ந்தது. மீண்டும் பட்டம் தாணுப்பிள்ளை முதல் மந்திரி. அந்த மந்திரிசபையில் நிதி இலாகாவை வகித்த பி.எஸ். நடராஜ பிள்ளை, ‘மனோன்மணீயம்’ சுந்தரம் பிள்ளையின் மகன் என்பது தமிழர்கள் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி. பின்னர் 1962-ல் சுயேச்சையாக நின்று திருவனந்தபுரம் லோக்சபைத் தொகுதியில் வென்றவரும் அவரே.

ஆனால் அந்த ஆட்சியில்தான் 1954 ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய கிளர்ச்சியில் உயிர்கள் பலியாயின. சொந்தக் கட்சியின் மந்திரிசபையே ராஜினாமா செய்ய வேண்டும் என்று பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் டாக்டர் ராம் மனோகர் லோகியா கேட்டார். அகில இந்தியாவிலும் எதிரொலித்த விவகாரம் அது. 1955 பிப்ரவரியில் பட்டம் மந்திரிசபை வீழ்ந்தது. அடுத்து தமிழ்நாடு காங்கிரஸ் ஆதரவுடன் வந்த பனம்பிள்ளி கோவிந்த மேனன் மந்திரிசபையும் 1956 மார்ச்சில் போயிற்று. தமிழ்த் தாலுகாக்களை விட்டுக் கொடுப்பதை எதிர்த்துக் காங்கிரஸ் உறுப்பினர்கள் ஆறு பேர் விலகியதே காரணம்.

எட்டு அல்லது பன்னிரண்டு உறுப்பினர்கள் ஒரு ராஜ்யத்தின் மந்திரிசபைகளை ஆட்டி வைத்தார்கள் என்றால் அது எப்படி நடந்தது? அவர்கள் ஓட்டு சிதறவில்லை. ஒரே பகுதியில் நெருங்கி வாழ்ந்த மக்கள், ஒரே கோரிக்கைக்காக, ஒரே சின்னத்துக்கு வாக்களித்தார்கள். எண்ணிக்கையை விட நெருக்கமே அந்தக் கட்சிக்குப் பலம் தந்தது.

கோடு கிழிக்கப்பட்டது

பசல் அலி, குன்ஸ்ரு, சர்தார் பணிக்கர் ஆகியோர் கொண்ட ராஜ்ய சீரமைப்புக் கமிஷன் 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை சென்னைக்குச் செல்லலாம் என்றது. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் நான்கும் மறுக்கப்பட்டன. 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. கோடு களியக்காவிளையில் விழுந்தது. பாறசாலையும் செங்கலும் கேரளத்தில் நின்றுவிட்டன.

நெய்யாற்றின்கரையில் தமிழர் பெரும்பான்மையினர் அல்லர். எனவே அந்த மறுப்புக்கு மொழிக் கணக்கே போதுமானதாக இருந்தது. தேவிகுளம் விஷயம் வேறு. அங்கே தமிழர்களே பெரும்பான்மை என்பதைக் கமிஷனே மறுக்கவில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளர்கள் பிழைக்க வந்தவர்கள், நிலையாகக் குடியிருப்பவர்கள் அல்லர் என்ற வாதம் அங்கே எடுபட்டது. பல தலைமுறையாகத் தேயிலை பறித்த மக்களை ‘வந்து போகிறவர்கள்’ என்று ஒரு சொல்லில் தள்ளிவிட முடிந்தது. பிழைப்புக்காக மாநிலம் தாண்டிய ஒவ்வொருவரும் மறக்கக் கூடாத பாடம் இது.

கோடு மனிதர்களையும் பிரித்தது. பாறசாலையில் பெண் எடுத்தவர் குழித்துறையில் இருந்தார். விளவங்கோட்டில் நிலம் வைத்திருந்தவர் செங்கலில் குடியிருந்தார். பழைய லண்டன் மிஷன் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபைகூட மூன்று ஆண்டுகளில் இதே கோட்டைப் பின்பற்றியது; 1959-ல் கன்னியாகுமரி தனிப் பேராயமாயிற்று. ஒரே சமுதாயம், வடக்கே உள்ள பிள்ளைகள் மலையாளத்தில் படித்தார்கள், தெற்கே உள்ளவர்கள் தமிழில் படித்தார்கள்.

கோட்டுக்கு வடக்கே

1957-ல் புதிய கேரளத்தின் முதல் தேர்தல் நடந்தது. கம்யூனிஸ்டுகள் 60 இடங்களுடன் ஆட்சிக்கு வந்து உலகின் கவனத்தைக் கவர்ந்தார்கள். பாறசாலையில் அந்த ஆண்டிலும் 1960-லும் வெற்றி பெற்றவர் எம். குஞ்ஞுகிருஷ்ண நாடார். 1977-லும் அவரே வந்தார். மார்க்சிஸ்ட் கட்சியின் எம். சத்தியநேசன், காங்கிரசின் என். சுந்தரன் நாடார் ஆகியோரும் இத்தொகுதியின் உறுப்பினர்களாக இருந்தவர்கள்.

மொழிப் பிரச்னை 1956-ல் முடிந்த பிறகு, இங்கே தேர்தலை நிர்ணயித்தது சமூகக் கணக்கும் உள்ளூர்ச் செல்வாக்கும்தான். நாடார் சமூகத்தின் ஓட்டை எந்தக் கட்சியாலும் அலட்சியம் செய்ய முடியவில்லை. கட்சிச் சின்னத்தை விட ஆளைப் பார்த்து ஓட்டளிக்கும் பழக்கமும் வலுத்தது. 1996-ல் சுந்தரன் நாடார் சுயேச்சையாக நின்று வென்றது அதற்குச் சான்று. 2001-ல் அவர் மீண்டும் காங்கிரஸ் சார்பில் வென்று துணை சபாநாயகரானார்.

இந்தப் பழக்கத்தின் உச்சம் 2012-ல் பக்கத்துத் தொகுதியில் தெரிந்தது. 2006-ல் பாறசாலையில் மார்க்சிஸ்ட் வேட்பாளராக வென்ற ஆர். செல்வராஜ், 2011-ல் செங்கல் அடங்கிய நெய்யாற்றின்கரைக்கு மாறி, காங்கிரசின் தம்பானூர் ரவியை 6,702 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். ஓராண்டு முடியுமுன், 2012 மார்ச்சில், கட்சியையும் பதவியையும் துறந்தார். ஜூன் 2-ம் தேதி நடந்த இடைத்தேர்தலில் அவரே காங்கிரஸ் வேட்பாளர்! 52,528 ஓட்டுகள் பெற்று, மார்க்சிஸ்ட் வேட்பாளர் எஃப். லாரன்ஸை 6,334 ஓட்டுகளில் வென்றார். பாரதீய ஜனதாவின் ஓ. ராஜகோபால் 30,507 ஓட்டுகள் வாங்கி மூன்றாவதாக வந்தது தனிச் செய்தி. சின்னம் மாறிற்று, எதிரணி மாறிற்று, ஆள் மாறவில்லை, ஓட்டு வித்தியாசமும் ஏறக்குறைய மாறவில்லை.

ஆனால் இதை வைத்து எல்லையோர வாக்காளர் என்றும் ஆளுக்கு அடிமை என்று முடிவு கட்டுவது தவறு. 2016-ல் அதே செல்வராஜை நெய்யாற்றின்கரை ஏற்கவில்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் கே. ஆன்சலன் வந்தார். பாறசாலையில் 2011-ல் காங்கிரசின் ஏ.டி. ஜார்ஜ், 2016-லும் 2021-லும் மார்க்சிஸ்ட் கட்சியின் சி.கே. ஹரீந்திரன். இந்த இரு தொகுதிகளும் எந்தக் கட்சிக்கும் நிரந்தரப் பட்டா எழுதிக் கொடுத்ததில்லை.

லோக்சபைத் தேர்தலில் இவற்றின் எடை இன்னும் தெளிவு. 2014-ல் சசி தரூர் ஓ. ராஜகோபாலை 15,470 ஓட்டுகளிலும், 2024-ல் ராஜீவ் சந்திரசேகரை 16,077 ஓட்டுகளிலும் வென்றார். இரண்டு முறையும் நகரத் தொகுதிகள் பலவற்றில் பாரதீய ஜனதா முந்தியது. தரூரைக் கரை சேர்த்தவை கோவளம், நெய்யாற்றின்கரை, பாறசாலை. தலைநகரின் எம்.பி. யார் என்பதைத் தலைநகரை விட எல்லைக் கிராமங்களே அதிகம் தீர்மானித்தன என்று சொன்னால் மிகையில்லை.

அணை ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம்

எல்லைக் கோட்டின் உண்மையான விலையை அறிய வேண்டுமானால் நெய்யாற்றைப் பார்க்க வேண்டும். 1950-களில் கட்டப்பட்ட நெய்யாறு அணை இன்று பாறசாலை சட்டசபைத் தொகுதிக்குள் இருக்கிறது. அதன் இடதுகரைக் கால்வாய் நெய்யாற்றின்கரைப் பகுதிக்கும், எல்லை கடந்து விளவங்கோடு தாலுகாவில் சுமார் 9,200 ஏக்கருக்கும் பாசனம் தரத் திட்டமிடப்பட்டது.

2004-ல் தமிழகப் பக்கத்துக்குத் தண்ணீர் நின்றது. நெய்யாறு கேரளத்துக்கு மட்டுமே உரிய ஆறு, தண்ணீருக்கு ஒப்பந்தமும் கட்டணமும் வேண்டும் என்பது கேரளத்தின் வாதம். இது இரு மாநில ஆறு, பாசனம் பழைய உரிமை என்பது தமிழ்நாட்டின் வாதம். 2012-ல் தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது.

நியாயம் எப்பக்கம் என்பதைக் கோர்ட்டு பார்த்துக் கொள்ளட்டும். அரசியல் கணக்கு எளிது. அணை இருக்கும் தொகுதியின் எம்.எல்.ஏ.வுக்கு விளவங்கோட்டு விவசாயி ஓட்டுப் போட முடியாது. அவர் ஓட்டுப் போடும் எம்.எல்.ஏ.வுக்கு மதகின் சாவி கையில் இல்லை. இரண்டு ஊர்களும் ஒரே சட்டசபையில் இருந்திருந்தால், கால்வாய் வறண்ட மறுநாளே சபையில் ஒத்திவைப்புத் தீர்மானம் வந்திருக்கும். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் தனித்தனியே பேசியபோது, கால்வாயில் புல் முளைத்ததுதான் மிச்சம்.

திருவட்டாறு எப்படி மறைந்தது?

எல்லைக்குத் தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஏழு சட்டசபை இடங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் கோவிலும் ரப்பர் தோட்டங்களும் உள்ள மலையோரத் தொகுதி. தோட்டத் தொழிலாளர்களின் ஆதரவில் மார்க்சிஸ்ட் கட்சி வேரூன்றிய இடம். ஜே. ஹேமச்சந்திரனை ஒருமுறைக்கு மேல் சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி. 2006-ல் ஆர். லீமா ரோஸ் இங்கே வென்றார். அவரே அத்தொகுதியின் கடைசி உறுப்பினர்.

மக்கள் குறைந்ததால் திருவட்டாறு மறையவில்லை. மற்ற இடங்களில் மக்கள் வேகமாகப் பெருகியதால் மறைந்தது. 1976-ல் கொண்டுவந்த அரசியல் சட்டத் திருத்தம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிய இடங்களின் எண்ணிக்கையை 1971 ஜனத்தொகைப்படி நிறுத்தி வைத்தது. பின்னர் வந்த திருத்தம் அந்தத் தடையை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் ஜனத்தொகைக் கணக்கு வரை நீட்டியது. ஆனால் மாநிலத்துக்குள்ளே எல்லைகளை 2001 கணக்குப்படி மாற்றி வரையலாம் என்றும் பின்னர் வழி விடப்பட்டது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான கமிஷன் அவ்வாறே வரைந்தது.

தமிழ்நாட்டின் மொத்தம் 234 என்பது மாறவில்லை. எனவே ஒரு மாவட்டம் கூடினால் மற்றொன்று குறைய வேண்டும். சென்னை 14-லிருந்து 16 ஆயிற்று. குடும்பக் கட்டுப்பாட்டிலும் படிப்பிலும் முன்னே நின்ற கன்னியாகுமரி ஏழிலிருந்து ஆறாகக் குறைந்தது. திருவட்டாறு துண்டாகி அண்டைத் தொகுதிகளில் கரைந்தது. 1969 இடைத்தேர்தலில் காமராஜரை லோக்சபைக்கு அனுப்பிய நாகர்கோவில் பாராளுமன்றத் தொகுதியும் அதே மறுவரையறையில் பெயர் இழந்து கன்னியாகுமரி ஆயிற்று.

கேரளத்திலும் இதே கதைதான். மொத்தம் 140. மலப்புறம் 12-லிருந்து 16-க்கு ஏறியது. பத்தனம்திட்டை 8-லிருந்து 5-க்கு இறங்கியது. திருவனந்தபுரம் மாவட்டம் 14 இடங்களைக் காப்பாற்றிக் கொண்டாலும் ஆரியநாடு தொகுதி மறைந்து அருவிக்கரை பிறந்தது. ஒழுங்காக வாழ்ந்து ஜனத்தொகையைக் கட்டுப்படுத்திய மாவட்டங்கள் இடம் இழப்பது நீதியா என்று அன்று மாவட்ட அளவில் எழுந்த கேள்விதான், அடுத்த மறுவரையறையைப் பற்றிய பேச்சில் மாநில அளவில் தமிழ்நாடும் கேரளமும் எழுப்பும் கேள்வி. எல்லையில் தண்ணீருக்குச் சண்டையிடும் இரு மாநிலங்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது வேடிக்கையல்ல, கட்டாயம்.

தேவிகுளம் சொல்வது

மறுக்கப்பட்ட தாலுகாக்களில் ஒன்றான தேவிகுளத்தின் பிற்காலக் கதை கவனிக்கத் தக்கது. அங்கே 1958-ல் நடந்த இடைத்தேர்தல் முதல் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கே சோதனையாக அமைந்தது. ரோசம்மா புன்னூஸ் வென்றார். வெற்றி தோல்வி தோட்டத் தமிழரின் ஓட்டில் இருந்தது. 2021-ல் அங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஏ. ராஜா, கேரள சட்டசபையில் தமிழில் பிரமாணம் எடுத்தார்.

நெய்யாற்றின்கரையிலும் தமிழ் பேசும் மக்கள் உண்டு. ஆனால் அவர்கள் சிதறி வாழ்கிறார்கள். எனவே அங்கே தமிழ் தேர்தல் பிரச்னை ஆவதில்லை. தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்று கேரளத்தின் 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் கூறுகிறது. உரிமை சட்டப் புத்தகத்தில் இருந்தால் போதாது. அதைக் கேட்டு வாங்க ஓட்டும் இருக்க வேண்டும். ஓட்டு பட்டியலில் இருக்க வேண்டும்.

பட்டியலில் பெயர்

விஷயம் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் சாதாரணமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் வாக்காளராகப் பதிவு பெற முடியும். சொந்த ஊரில் வீடோ நிலமோ இருப்பது மட்டும் போதாது. இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருப்பது சட்ட விரோதம். பொய்த் தகவல் கொடுத்தால் தண்டனையும் உண்டு.

சட்டம் எளிது, வாழ்க்கை அவ்வளவு எளிதல்ல. சாலையில் கட்டட வேலைக்கும் சந்தையில் மூட்டை சுமக்கவும் வந்தவர் பத்து ஆண்டு திருவனந்தபுரத்தில் வாடகை கொடுத்திருப்பார். ரேஷன் கார்டு தென்காசியில், ஓட்டு தென்காசியில். தேர்தலன்று லீவு கிடையாது. ஆக, அங்கே போய்ப் போடவும் இல்லை; இங்கே போடவும் வழியில்லை. குடியிருக்கும் வார்டில் குடிநீர் வராவிட்டால் கவுன்சிலர் இவரைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. 2025 நவம்பரில் கேரளம், தமிழ்நாடு இரண்டிலும் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கி வீடு வீடாகப் படிவம் கொடுக்கப்பட்டபோது, இரு வீட்டுக்கும் நடுவே நிற்கும் இவர்களுக்குத்தான் கவலை அதிகம். ஊரில் கேட்டால் ‘இடம் பெயர்ந்தவர்’. இங்கே கேட்டால் ‘பட்டியலில் இல்லாதவர்’.

எங்கே ஓட்டு வைத்துக் கொள்வது என்பது அவரவர் முடிவு. மாதம் ஒருமுறை ஊர் போகிறவருக்கும், குடும்பத்தோடு இங்கேயே தங்கிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது. ஆனால் இரண்டு இடத்திலும் இல்லாமல் இருப்பது முடிவல்ல. உரிமையைக் கைநழுவ விடுவது. வீடு மாறினால் அதற்குரிய எட்டாம் எண் படிவத்தைக் கொடுப்பதும், வரைவுப் பட்டியல் வந்ததும் பெயர் உள்ளதா என்று பார்ப்பதும் அரை நாள் வேலை. ஐந்து ஆண்டு மரியாதைக்கு அரை நாள் கூலி பெரிய விலையல்ல.

1955-ல் கமிஷனின் மேஜை மீது இருந்தவை இரண்டு: ஜனத்தொகைக் கணக்கும் தேர்தல் முடிவுகளும். நான்கு தென் தாலுகாக்களின் மக்கள் இரண்டிலும் தங்கள் கணக்கை எழுதி வைத்திருந்தார்கள்; கேட்டது கிடைத்தது. ‘வந்து போகிறவர்கள்’ என்று எழுதப்பட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. அடுத்து கோடு கிழிக்க வருகிறவர்களின் மேஜையிலும் இந்த இரண்டு காகிதங்கள்தான் இருக்கும். தொகுதிகள் மறையும், புதிய பெயர்களில் பிறக்கும். அதைத் தடுக்க ஒரு தொழிலாளியாலோ குமாஸ்தாவாலோ முடியாது. அந்தக் காகிதங்களில் தன் பெயர் விடுபடாமல் பார்த்துக் கொள்ள அவரால் முடியும்.